நாத்தனாரின் முகத்துக்கு நான் கொண்டுவந்த மருந்து

மாசி மாதத்தில், மிளகு பறிக்கும்போது என் கணவர் விழுந்தார். மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில் சாத்தியிருந்த ஒற்றை மூங்கில் ஏணி வழுக்கிவிட்டது. சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார். பன்னிரண்டாம் நாள் காலையில் வண்டி வைத்து அவர் உடலை மலைக்குக் கொண்டுவந்தோம். மலையில் பல ஊர் சேர்ந்ததை நாடு என்போம்; அரியூர் நாட்டில் எங்கள் ஊரே வந்து நின்றது. எல்லோரும் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்கு உட்காரப் பாய் போதுமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்த மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். நான் மருந்தாளுநர் படிப்பு படித்தவள். செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மெடிக்கலில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். கடைக்காரர், "இன்னும் பத்து நாள் ஊட்டுல இருந்துட்டு வந்திருக்கலாமேம்மா" என்றார். "இருந்து என்னங்க பண்றது" என்று சொல்லிவிட்டு வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டேன். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் மருந்து. டாக்டர் சீட்டைப் படிப்பேன், எடுத்துக் கொடுப்பேன், எப்போது சாப்பிட வேண்டும் என்று சொல்வேன். என் குரல் எனக்கே பக்கத்துக் கடையிலிருந்து வருவது போலக் கேட்கும். வேலையில் ஒரு குறையும் இல்லை. ஒருமுறைகூட மருந்து மாற்றிக் கொடுத்ததில்லை. அதனால் நான் நன்றாக இருக்கிறேன் என்றே கடைக்காரரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

வீட்டில் மூன்று பேர். நான், என் மாமியார், என் கணவரின் தங்கை. எங்களுக்குக் குழந்தை இல்லை. நாத்தனாருக்கு இருபத்தைந்து வயது. நான் கல்யாணமாகி வந்தபோது பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நின்று என்னைப் பார்த்தவள். பிறகு ராசிபுரத்தில் தங்கிக் காலேஜ் முடித்துவிட்டு வந்து, மிளகு நாற்று வளர்த்துக் கொடுக்கும் ஒரு பண்ணையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பாலித்தீன் பையில் மண் நிரப்புவதும், கொடி வெட்டி நடுவதும், தண்ணீர் விடுவதுமாக நாளெல்லாம் வெளியில் நிற்கும் வேலை. கன்னம் இரண்டிலும் வெயில் பட்டுக் கறுப்புப் படர்ந்திருந்தது.

என் கணவர் விழுவதற்கு இரண்டு மாதம் முன்பு, அவளுக்கு வாழவந்தி நாட்டிலிருந்து ஒரு வரன் பேசினார்கள். அப்போதுதான் அவள் என்னிடம் கேட்டாள்.

"அண்ணி, உங்க கடையில ஒரு டியூப் இருக்குதாமே. பண்ணையில ஒரு அக்கா போடறாங்க. ஒரே வாரத்துல மூஞ்சி பளிச்சுன்னு ஆயிருச்சு."

எந்த டியூப் என்று எனக்குத் தெரியும். மூன்று மருந்து சேர்ந்தது. அதில் ஒன்று ஸ்டீராய்டு. தோல் டாக்டர்கள் கறும்படைக்குச் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தருவது. சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது. ஆனாலும் பெண்கள் வந்து கேட்பார்கள், கடையில் கொடுப்போம். அழகு கிரீம் வாங்குவது போலத்தான் வாங்கிப் போவார்கள். நான் அவளுக்கு ஒன்று கொண்டுவந்து கொடுத்தேன். "ரெண்டு வாரந்தான் கண்ணு. அதுக்கு மேல போடக் கூடாது. ராத்திரி மட்டும், கொஞ்சூண்டு" என்று சொன்னேன். அவளும் சரி என்றாள். இரண்டு வாரத்தில் முகம் வெளுத்து, வழவழவென்று ஆகிவிட்டது. அவள் அண்ணன் பார்த்துவிட்டு, "யாரு இது, டி.வி.யில வர்ற புள்ளையா?" என்று கிண்டல் செய்தார்.

பிறகு அவர் விழுந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் மறைக்கப் போவதில்லை. டியூப் தீர்ந்ததும் அவள் காலி டியூப்பைச் சாமி படத்துக்குக் கீழே, என் கைப்பை பக்கத்தில் வைத்துவிடுவாள். நான் காலையில் அதைப் பார்ப்பேன். சாயங்காலம் புதிது ஒன்று கொண்டுவந்து அதே இடத்தில் வைப்பேன். அரிசி தீர்ந்தால் வாங்குவது போல, சோப்பு தீர்ந்தால் வாங்குவது போல. எத்தனை வாரம் ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி என்று மாதங்கள் போயின. ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டோம். அவள் முகத்தை நான் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் முகம் என்றில்லை, யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைக்கு வருகிறவர்களின் கையில் உள்ள சீட்டைத்தான் பார்ப்பேன்.

ஆடிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மரவள்ளிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தேன். மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கண்ணு, அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்தியா?"

"ஏனுங்க அத்தை?"

"நீ பாரு. எனக்குச் சொல்லத் தெரியல."

நாத்தனார் கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். துப்பட்டாவை மூக்கு வரை சுற்றியிருந்தாள். "இங்க வா கண்ணு, அதை எடு" என்றேன். தயங்கினாள், பிறகு எடுத்தாள்.

கன்னம் இரண்டும் சூடுபட்டது போலச் சிவந்திருந்தன. தோல் மெலிந்து, உள்ளே ஓடும் சிவப்பு நரம்புகள் வலை மாதிரித் தெரிந்தன. தாடை ஓரத்தில் பூனைமுடி அடர்ந்திருந்தது. வாயைச் சுற்றிப் பொரிப்பொரியாகச் சின்னக் கட்டிகள். படிக்கும்போது புத்தகத்தில் பார்த்த படம் அப்படியே எதிரில் நின்றது. எனக்குப் பதற்றம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மனசுக்குள் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டு போனேன். தோல் மெலிவு, ரத்தக் குழாய் விரிவு, முடி வளர்ச்சி. சீட்டு படிப்பது மாதிரி.

"எரியுதா?"

"வெயில்ல போனா எரியுது. அடுப்புப் பக்கம் போனா எரியுது. டியூப் போட்டா அடங்கிருது. ஒரு நாள் போடலேன்னா இன்னும் செவந்துக்குது அண்ணி. அதனால காலையிலயும் போடறேன்."

"எப்ப இருந்து ரெண்டு வேளை போடற?"

"அண்ணன் போனதுல இருந்து."

கிழங்கு உரித்த கத்தி கையிலேயே இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

"அது நான் கொண்டுவந்த மருந்தால வந்தது கண்ணு. அதுல ஸ்டீராய்டு இருக்குது. ரெண்டு மூணு வாரத்துக்கு மேல போட்டா இப்படித்தான் ஆகும்."

அவள் என்னைப் பார்த்தாள். "உங்களுக்கு முன்னாடியே தெரியுங்களா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் மாசாமாசம் கொண்டாந்து வெச்சீங்களா?"

என்ன சொல்வது என்று யோசித்தேன். நான் நினைவில்லாமல் செய்தேன் என்று சொன்னால் அது பொய்யில்லை. ஆனால் அது என்ன மருந்து என்ற நினைவு இருந்தது. கடையில் ஒவ்வொரு டியூப்பையும் என் கையால்தான் எடுத்தேன்.

"ஆமா" என்றேன்.

துப்பட்டாவை மறுபடியும் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாமியார் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் கத்தியை எடுத்து மீதிக் கிழங்கை அவரே உரிக்க ஆரம்பித்தார்.

அன்று முதல் அவள் என்னோடு பேசவில்லை. டியூப் போடுவதையும் திடீரென்று நிறுத்திவிட்டாள். நாலாம் நாள் முகம் வீங்கிக் கண் சிறுத்துவிட்டது. பண்ணைக்குப் போகவில்லை. ஈரத் துணியை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தே கிடந்தாள். ஆவணி பிறந்து அடுத்த வாரம் வாழவந்தி நாட்டிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தது. துக்கம் நடந்த வீடு என்று ஆறு மாதம் தள்ளிப் போட்டிருந்த பேச்சு அது. மாமியார் என்னிடம் வந்து கெஞ்சினார்.

"அவங்க வார அன்னிக்கு மட்டும் போட்டுக்கட்டும் சாமி. ஒரே ஒரு நாளு. அப்புறம் நிறுத்திக்கலாம்."

"வேண்டாங்க அத்தை. இன்னும் கெட்டுப் போயிரும்."

"இதுக்கு மேல என்ன கெடறதுக்கு இருக்குது?"

கொண்டுவர மாட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து, பதினோரு மணி பஸ்ஸில் நாத்தனார் செம்மேட்டுக்கு வந்தாள். சந்தை நாள். கடையில் கூட்டம் இருந்தது. முகத்தை மூடிக்கொண்டு வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் கவுன்டரில் கை வைத்து, என்னைத் தெரியாதவள் போல, "ஏனுங்க, அந்தக் கறுப்புக்குப் போடற டியூப் ஒண்ணு குடுங்க" என்றாள்.

"சீட்டு இருக்குதுங்களா?" என்று கேட்டேன். வேறெப்படிப் பேசுவது என்று தெரியவில்லை.

"இத்தனை நாளு சீட்டு இல்லாமதான் குடுத்தீங்க."

பின்னால் நின்றவர்கள் பார்த்தார்கள். கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, "இருக்குதேம்மா, ரெண்டாவது தட்டுல. எடுத்துக் குடு" என்றார். முகம் மூடியிருந்ததால் அவருக்கு அவள் யாரென்று தெரியவில்லை.

"இல்லீங்க. இனிமே அதைச் சீட்டில்லாம நான் குடுக்க மாட்டேனுங்க" என்றேன். "நீங்க குடுக்கறதுன்னா நான் கோட்டைக் கழட்டிட்டுப் போயிடறேன்."

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. அவரோடு நான் அப்படிப் பேசியதே இல்லை. அவருக்கு ஒன்றும் புரியாமல், "சரிம்மா, சரி" என்றார். அதற்குள் நாத்தனாருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கண்ணீர் கன்னத்தில் பட்டதும் எரிச்சல் தாங்காமல் துப்பட்டாவை எடுத்துவிட்டாள். வரிசையில் நின்ற ஒரு பெண், "ஐயோ, என்ன சாமி இது" என்றாள். நான் கவுன்டரைச் சுற்றிக்கொண்டு வெளியில் வந்தேன். நாமக்கல் பஸ் கிளம்ப நின்றது. அவள் கையைப் பிடித்து ஏற்றினேன். கையை உதறவில்லை.

மலைப்பாதையின் எழுபது வளைவிலும் ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். அடிவாரத்துக் காரவள்ளி தாண்டிச் சமதளத்தில் சூடான காற்று அடித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எரியுது அண்ணி" என்றாள். என் தண்ணீர் பாட்டிலில் கைக்குட்டையை நனைத்துக் கொடுத்தேன்.

நாமக்கல்லில் தோல் டாக்டர் ஒரு பெண்மணி. விளக்கு வைத்த பூதக்கண்ணாடியால் நெடுநேரம் பார்த்தார். எந்த டியூப், எத்தனை மாதம் என்று கேட்டார். நான் சொன்னேன். யார் கொடுத்தது என்று கேட்டார். அதையும் சொன்னேன். மருந்தாளுநர் என்றும் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "வாரத்துக்கு ரெண்டு பேராவது இப்படி வர்றாங்க" என்று மட்டும் சொன்னார்.

ஸ்டீராய்டு இல்லாத ஒரு களிம்பும், ஒரு மாத்திரையும், வெயிலுக்கு சன் ஸ்கிரீனும் எழுதினார். முதல் ஒன்றரை மாதம் இன்னும் மோசமாகத் தெரியும், பயப்படக் கூடாது என்றார். கடைசியில், எரிச்சல் அடங்கிய பிறகு போட வேண்டும் என்று பெப்டைடு கலந்த ஒரு மாய்ஸ்சரைசரை எழுதினார். அந்தச் சொல்லை நான் அழகு சாதன விளம்பரத்தில்தான் பார்த்திருந்தேன். இளமை திரும்பும் என்று டப்பா மேலே எழுதியிருக்கும். கம்பெனிக்காரர் எங்கள் கடையில் சாம்பிள் வைத்துவிட்டுப் போவார். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

"அது சும்மா விளம்பரம் இல்லீங்களா டாக்டர்?" என்று கேட்டேன்.

"பாதி விளம்பரம்தான்" என்றார். பிறகு நாத்தனாரைப் பார்த்துச் சொன்னார். "தோலுக்குள்ள கொலாஜன்னு ஒரு புரதம் இருக்கும்மா. தோலை இறுக்கமா, கெட்டியா வெச்சிருக்கிறது அதுதான். நீ போட்ட டியூப் அதை உருவாக்கற வேலையைக் குறைச்சிருச்சு. பெப்டைடுங்கறது புரதத்தோட ரொம்பச் சின்னத் துண்டு. உடம்புல கொலாஜன் உடையும்போதும் இந்த மாதிரித் துண்டுங்க வரும். தோல் செல்லு அதைப் பார்த்து, எங்கயோ உடைஞ்சிருக்குது, புதுசா செய்யோணும்னு வேலையை ஆரம்பிக்கும். சில பெப்டைடை கிரீமுல போடறது அந்த நம்பிக்கையிலதான்."

நாத்தனார் வீங்கிய கண்ணோடு கேட்டாள். "ஒடஞ்சுருச்சுன்னு பொய் சொல்லி வேலை வாங்கறதுங்களா?"

டாக்டர் சிரித்தார். "உனக்கு நிஜமாவே உடைஞ்சிருக்கேம்மா. அதனால பொய்யில்ல. ஆனா ஒண்ணு, வெள்ளையாக்காது. வாரத்துல பளிச்சுன்னு ஆகாது. மூணு மாசம், நாலு மாசம் ஆகும். அப்பவும் கொஞ்சந்தான் தெரியும். வெயிலை மறைச்சு, தேய்க்காம, நோண்டாம இருந்தா தோல் தானா சரியாகும். இது அதுக்கு ஒத்தாசை. அவ்வளவுதான்."

மறுநாள் மாமியார் வாழவந்தி நாட்டுக்காரர்களுக்குப் போன் போட்டு, பெண்ணுக்கு முகத்தில் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, மூன்று நான்கு மாதம் ஆகும் என்று உள்ளதைச் சொன்னார். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். பிறகு கூப்பிடவில்லை. நாத்தனார் அதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "வராட்டிப் போறாங்க." அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

டாக்டர் சொன்னபடியே முகம் மோசமானது. செதில் செதிலாக உரிந்தது. கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிட்டாள். தானே மருந்து போட்டுக்கொள்ளக் கண்ணாடி பார்க்க வேண்டுமே என்று, காலையிலும் சாயங்காலமும் நான் போட்டுவிட ஆரம்பித்தேன். முதல் நாள் விரலை வைத்ததும் திடுக்கிட்டேன். அவ்வளவு சூடாக இருந்தது. சேலத்தில் அவர் காலுக்கு எண்ணெய் தடவியதற்குப் பிறகு நான் ஒரு மனித உடம்பைத் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவர் கால் சில்லென்று இருந்தது.

எரிச்சல் அடங்கியதும் பெப்டைடு கிரீமுக்கு மாறினோம். பட்டாணி அளவு எடுத்து, ஐந்து இடத்தில் புள்ளி வைத்து, அழுத்தாமல் பரப்ப வேண்டும். நெற்றியில் ஆரம்பிப்பேன். பேச்சில்லாமல் நடக்கும். புரட்டாசியில் ஒரு சாயங்காலம் கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணி, அண்ணன் மூஞ்சி உங்களுக்கு ஞாபகம் வருதா?"

"முழுசா வரமாட்டேங்குது" என்றேன். "காது மட்டும் வருது. மத்ததெல்லாம் போட்டோவுல இருக்கற மாதிரித்தான் வருது."

"எனக்குக் குரல் வருது. மூஞ்சி வரல. அதனாலதான் ரெண்டு வேளையும் டியூப் போட்டேன்னு நெனைக்கறேன். காலையில எந்திரிச்சு ஏதாச்சும் ஒண்ணு செய்யோணுமில்ல."

என் விரல் அவள் நெற்றியில் இருந்தது. அகலமான நெற்றி, நடுவில் லேசான பள்ளம். அது அவருடைய நெற்றி. ஏழு மாதமாக எதிரிலேயே இருந்திருக்கிறது. நான் கையை எடுக்கவில்லை. அழவும் இல்லை. கிரீம் உறிஞ்சிய பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன்.

"என்னை மன்னிச்சுருன்னு நான் இன்னும் கேக்கல கண்ணு."

"கேக்காதீங்க. நானும் அந்த டியூப் மேல எழுதியிருக்கறதைப் படிச்சேன். டாக்டர் சொல்லாமப் போடக் கூடாதுன்னு போட்டிருந்துச்சு." கண்ணைத் திறந்து, "ஆனா கோவம் இன்னும் இருக்குது" என்றாள்.

"இருக்கட்டும்" என்றேன்.

அதன் பிறகு பேச்சு வந்தது. பண்ணைக்கு அகலத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தாள். டியூப் போடும் அந்த அக்காவை அவளே டாக்டரிடம் அனுப்பினாள். கடையில் நானும் கடைக்காரரும் பேசிக்கொண்டோம். இரண்டாவது தட்டில் இருந்ததை உள் அலமாரிக்கு மாற்றினோம். சீட்டில்லாமல் கேட்டு வருகிறவர்கள் கோபித்துக்கொண்டு போவதுண்டு. அவர்களுக்கு வேறு இடத்தில் கிடைத்திருக்கும். அது எனக்குத் தெரியும்.

மார்கழியில் ஒருநாள் கிரீம் போட்டு முடித்ததும் அவள் டப்பாவை என் கையிலிருந்து வாங்கி, "உக்காருங்க" என்றாள்.

"எனக்கெதுக்கு?"

"உங்க மூஞ்சிய நீங்க பாத்தீங்களா? கரட்டாண்டித் தோலாட்டம் காஞ்சு போயிட்டீங்க. உக்காருங்க அண்ணி."

உட்கார்ந்தேன். நெற்றி, கன்னம், மூக்கு, தாடை என்று புள்ளி வைத்துத் தடவிவிட்டாள். வேலை செய்கிற பெண்ணின் விரல், கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது. எனக்கு நாற்பத்திரண்டு வயது. இந்தக் கிரீமால் என் முகத்தில் என்ன மாறப்போகிறது என்று எனக்கு ஒரு எண்ணமும் இல்லை. ஆனாலும் மறுநாள் காலையில் அவள் கூப்பிட்டதும் போய் உட்கார்ந்தேன்.

தை கடைசியில் டாக்டர் மறுபடியும் பார்த்தார். தோல் கெட்டிப்பட்டிருக்கிறது, பூனைமுடி உதிர்ந்துவிட்டது என்றார். இடது கன்னத்தில் இரண்டு நரம்புக் கோடுகள் மட்டும் மறையாது, வேண்டுமானால் லேசர் செய்துகொள்ளலாம் என்றார். நாத்தனார் வேண்டாம் என்றாள். வெயிலில் வேலை செய்தவளின் பழைய நிறம் திரும்பியிருந்தது. அந்த மாசியில் அவருக்கு வருட திதி கொடுத்தோம். எங்கள் மரங்களில் அந்த முறை கூலி ஆள் வைத்துத்தான் மிளகு பறித்தோம். நாங்கள் இரண்டு பேரும் கீழே நின்று பொறுக்கினோம்.

இப்போது அவளுக்கு மறுபடியும் வரன் பார்க்கிறார்கள். போன வாரம் செம்மேட்டில் போட்டோ எடுக்கக் கூட்டிப்போனேன். ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் அவள் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டி, "இந்த ரெண்டு கோட்டையும் எடுத்துட்டு, கொஞ்சம் கலர் ஏத்தி விட்டறட்டுங்களா?" என்று கேட்டார்.

"வேண்டாங்க. அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நானும் அப்படியே போடச் சொன்னேன். நாலு பிரதி எடுத்துக் கொடுத்தார். மூன்றை மாமியார் பீரோவில் வைத்திருக்கிறார். அந்த நெற்றிக்காக ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன்.